சாய்கோடு

ஹீயுமா தீவில் அக்டோபர் மழை.
முட்டை அட்டையின் குழிகளில்
ஒரே சாம்பல், ஒரே அலைக்கோடு,
சிறகோரத்தில் ஒரே தேய்மானம்.
ஊர்வே லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

பக்கத்து வீட்டு ஹெல்துர் எட்டிப் பார்த்து
'விளக்கை அணைத்தால் எல்லாம் ஒன்றுதான்'
என்று சொல்லிவிட்டுப் போனான்.

வயிற்று நுனியை வெட்டிப் பார்த்தால் தெரியுமாம்.
பெயர் சொல்ல
உயிரைக் கேட்கிறது கையேடு.

ஒன்றைத் தார்த்து நகரத்துக்கு அஞ்சலில் அனுப்பினாள்.
மற்றதை ஜன்னல் வழியே விட்டாள்.
பேரேட்டில் இரண்டு பெயர்கள்,
நடுவே ஒரு சாய்கோடு.

கடற்பனி உடைந்தபின் பதில் வந்தது:
இரண்டுமில்லை, மூன்றாவது.

பென்சிலைத் தேடியெடுத்தாள்.
எதையும் அடிக்கவில்லை.
அந்த மழைக்குள் பறந்துபோனதற்காக
இன்னொரு சாய்கோடு
போட்டு வைத்தாள்.