ஆணி வேண்டாத தாங்கி

லேசருக்குப் பல் இல்லை,
ஆனாலும் தின்கிறது.
கோட்டுக்குக் கோடு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு
புகையாகப் போய்விடும்.
அதைக் கணக்கில் சேர்க்காமல் நான் வரைந்த
முதல் பேனைத் தாங்கி
ஹட்டன் வங்கி மேசையில்
விழப்போகிற பால்பல்லாய் ஆடிற்று.

மருந்துக்கடைக்கு மேல்மாடி. ஒரே ஜன்னல்.
வெளியே பஸ் ஸ்டாண்ட், அதற்கப்பால்
பத்து மணிவரை எதுவுமில்லை, மூட்டம்.
இங்கே பலகையும் மூச்சு வாங்கும்.
கொழும்பில் மூன்று மில்லிமீட்டராக லொறி ஏறுவது
கினிகத்தேனை மழையைத் தாண்டி
மூன்று தசம் இரண்டாக இறங்குகிறது.
கட்டைப் பிரித்ததும் வெர்னியர் பிடிப்பேன்,
பிறகுதான் கோடு.

தோட்டத்துக் கந்தோருக்கு செக்ரோல் தட்டு,
பல் டாக்டருக்கு ரசீதுப் பெட்டி,
நகைக்கடைக்கு ஒரு மயில்:
தோகையில் விசிட்டிங் கார்ட் செருக வேண்டுமாம்.
செய்தேன். கழுத்து உடைந்தது.
தடித்த கழுத்தோடு திரும்பச் செய்தேன்.
வாத்து என்றார் முதலாளி.

ரஞ்சிதமலர் அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சாமானையே கொண்டு வாங்க என்று
போனில் சொல்லியிருந்தேன்.
ஷொப்பிங் பேக்கை மேசையில் கவிழ்த்தார்:
மூக்குக்கண்ணாடி, இன்ஹேலர், காஸ் லைட்டர்,
ரப்பர் போட்ட அடையாள அட்டைகள் நாலு,
கிளினிக் கொப்பி, சேமலாப நிதிக் கடிதம்,
ஒரு சார்ஜர், அதற்குப் பொருந்தாத இரண்டு போன்.
எல்லாவற்றையும் அளந்தேன்.
இன்ஹேலரின் வளைவை மட்டும் மூன்று தரம்.

சுவரில் மாட்டுற மாதிரியா அக்கா?

"ஆணி அடிக்க ஏலாது தங்கச்சி.
செவரு கம்பனியோடது.
ஆணி மட்டுந்தான் நம்மளது."

சரி, நிற்கட்டும் என்றால்
காம்பராவின் தரை கதவுப்பக்கம் சரிவு.
மகள் விட்ட கண்ணாடி உருண்டை
தானாகவே வாசலுக்குப் போய்விடுமாம்.
நாலு கால் வைத்தால் ஒன்று எப்போதும் வாதாடும்.
மூன்று வைத்தேன்.
மூன்று கால் எங்கேயும் இருந்துவிடும்.

படி இறங்கப் போனவர் திரும்பினார்.
"இன்னொரு இடம் விடுங்க."
எதுக்கு?
"காணி உறுதிக்கு."
கொண்டு வந்தீங்களா?
"இன்னும் தரலையே."

எத்தனை தாள், என்ன தடிப்பு,
நீளவாக்கில் மடிப்பார்களா, உறை போடுவார்களா?
இல்லாத பொருளுக்கு வெர்னியர் இல்லை.
எடுத்து அளந்து பார்க்க
என் வீட்டிலும் ஒன்று இல்லை.
பக்கத்து நொத்தாரிசு கந்தோரில் கேட்டேன்.
யாரோ ஒருவருடையதை எடுத்துக் காட்டினார்கள்,
தொடக்கூடாது என்று.
கண்ணால் அளந்தேன்.
ஆறு மில்லிமீட்டர் என்று போட்டுக்கொண்டேன்,
முத்திரை, நூல், நம்பிக்கை எல்லாம் சேர்த்து.

வெட்டும்போது பாதியில் கரண்ட் போயிற்று.
வந்தபோது தலை தன் இடத்தை
மயிரிழை மறந்திருந்தது.
ஒரு முழுப் பலகை வீண்.
அதைச் சொல்லவில்லை, காசும் கேட்கவில்லை.
இரண்டாவது சுத்தமாக விழுந்தது.
பசை இல்லாமல், ரப்பர் சுத்தியலால்
தட்டித் தட்டிப் பூட்டினேன்,
கருகிய ஓரம் விரலெல்லாம் ஒட்ட.

மூன்றாம் நாள் போன்.
"நல்லா நிக்குது தங்கச்சி, ஆடவே இல்ல.
அந்த எடத்துல இப்போதைக்குச் சீப்பு வச்சிருக்கேன்.
அது மட்டும் ஆடுது."
ஆடட்டும் அக்கா.

ரஞ்சிதமலர் மூன்று என்று
கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.
கால், வளைவு, அட்டைகளின் அகலம்
எல்லாம் பூட்டியாயிற்று.
ஆறு மட்டும் திறந்திருக்கிறது.
தடிப்புத் தெரிந்த அன்றைக்கு
கரண்டும் இருக்க வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம்.
நகைக்கடை முதலாளி, கையில் ஒரு தலை,
மறு கையில் தோகை.