வேர் நீ இல்லை

ஆச்சாவோவில் மூன்றாம் நாளாக மழை.
சிப்பிக் கூட்டுறவின் கணக்கறையில்
நெல்டா நவெல்கீன்
யாரோ கழித்துக்கட்டிய கணினியில்
டெபியன் ஏற்றிவிட்டாள்.
திரை வந்தது. கடிகாரம் வந்தது.
வலை மட்டும் வரவில்லை.

கட்டளையை எழுத்துக்கூட்டி அடித்தாள்.
அனுமதி இல்லை, வேர் நீ இல்லை என்றது.
வேராவதற்கு ஒரு கடவுச்சொல்.
அடிக்க அடிக்க
ஒரு புள்ளிகூட விழவில்லை.
விசைப்பலகை செத்துவிட்டதென்று
கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

ஒருவழியாக வேரானாள்.
இப்போது வைஃபைக்கு ஒரு மென்பொருள் வேண்டுமாம்.
அதை இறக்க வைஃபை வேண்டுமாம்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

பென்டிரைவைக் கையுறைக்குள் செருகிக்கொண்டு
படகுத்துறை வரை நடந்தாள்.
சீட்டு விற்கும் எலெயுத்தேரியோவிடம்
இணையம் இருந்தது.
போன ஏப்ரலில் அவளுடைய சிப்பிக் கயிறுகளை
அறுத்துப்போனதும் அவன் படகுதான்.
"எவ்வளவு பெரிய கோப்பு?"
"சின்னதுதான்."
அவ்வளவே பேச்சு.
பதினோரு நிமிடம் இருவரும்
பச்சைக் கோடு ஊர்வதைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து செருகினாள்.
இன்னொன்று குறைகிறது என்றது.
மறுபடி நடந்தாள்.
இம்முறை அவன்
நாற்காலியிலிருந்த வலையை எடுத்துக் கீழே போட்டான்.

ஐந்து மணிக்கு பிங் அடித்தாள்.
எங்கிருந்தோ பதில்,
அறுபத்துநான்கு பைட்.
இன்னொன்று. இன்னொன்று.
எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.
ஈரக் காலணிகளைக் கழற்றிவிட்டு
வரிவரியாக வந்துகொண்டிருந்ததைப்
பார்த்தபடி இருந்தாள்.