நாரி

கோயில் பாட்டில் நாரி என்றால் பெண்.
எங்கள் பேச்சில் நாரி என்றால்
காற்சட்டைப் பட்டி இறுகுகிற
அந்த இடம், அங்கே குந்தியிருக்கிற நோ.
நாரிக்குப் பாதி உடம்பு கொடுத்தவனை
நாரிபாகன் என்று கும்பிடுகிறோம்.
நான் பதினொரு வருடம்
யாழ்ப்பாணம் காரைநகர் மினிபஸ் ஓடி
முழுவதையும் கொடுத்திருந்தேன்.

எண்ணெய் பூசினேன். பட்டி கட்டினேன்.
மானிப்பாயில் ஒருவர் பிடித்து முறுக்கிவிட்டார்.
ஸ்கான் எடுத்தேன். நாலாவது எலும்புக்கும்
ஐந்தாவதுக்கும் நடுவே தேய்வாம்.
அந்தப் படத்தை மெத்தைக்குக் கீழே வைத்து
அதன்மேல் படுத்தேன்,
பீங்கான் சாமானைப் போல.
எழும்ப மனிசி கை தர வேண்டும்.
சப்பாத்து மாட்ட மகன்.

பெரியாஸ்பத்திரியில் பிசியோ மிஸ் நிரோசினி
படத்தை ஒருதரம் பார்த்து உறைக்குள் போட்டா.
"ஒரு நோவும் இல்லாத ஆக்களுக்கும்
உங்கட வயதில இப்பிடி இருக்கும் அண்ணை.
நோகிறது வேற, உடையிறது வேற.
பாயில படுங்கோ."

முழங்கால் மடித்து,
நாரிக்கும் பாய்க்கும் நடுவே
கை நுழைகிற இடைவெளியை
வயிற்றை இழுத்து மூடு. விடு. மூடு.
இவ்வளவுதானா என்று கேட்டேன்.
"முதல் இவ்வளவையும் செய்யுங்கோ" என்றா.
பிறகு நாலு காலில் நின்று
பூனைபோல் முதுகைக் கூனி, இறக்கி,
வலக்கையும் இடக்காலும் நீட்டிப்
பத்து மட்டும் எண்ண வேண்டும்.
ஆறில் சரிந்து விழுந்தேன்.
தாயின் மடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டை
கை தட்டினாள்.

காரைநகரில் பஸ் திரும்பப் பன்னிரண்டு நிமிடம்.
முன்பு சீற்றில் இருந்தபடியே தேத்தண்ணி.
இப்போது இறங்கித் துறைமுகம் மட்டும் நடந்து,
வந்து பஸ்ஸில் கை ஊன்றி
ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி நிற்பேன்.
"அண்ணை பஸ் தள்ளுறார், எல்லாரும் இறங்குங்கோ!"
கண்டக்டர் கஜரூபன் கத்துவான்.
ஒருநாள் ஒரு ரீச்சர்
உண்மையாகவே இறங்கிவிட்டா.

பங்குனியில், பொன்னாலைப் பாலத்தில்,
பின் ரயர் வெடித்தது.
இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாங்கள்.
ஏறியிருந்தது முழுக்கக் கிளினிக் முடிந்து திரும்புகிறவர்கள்.
கஜரூபன் லீவு. பதிலுக்கு வந்த பெடியனுக்கு
ஜக் எங்கே என்றும் தெரியாது.
உதிரி ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு கால் அகட்டிக் குந்தி,
அதை நெஞ்சோடு அணைத்து,
மூச்சை விட்டபடி எழும்பினேன்.
நாரி ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது. அடுத்த நாள் விடிய.
அதே இடம், அதே பல்.
பழைய நான் என்றால் மூன்று நாள் கட்டில்தான்.
மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.
"நிற்பாட்டாதேங்கோ. பாதியாக் குறையுங்கோ."
பத்தை ஐந்தாக்கினேன்.
துறைமுகத்தைத்
தேத்தண்ணிக்கடையாக்கினேன்.

சுகமோ என்று கேட்கிறார்கள்.
என்னத்தைச் சொல்ல?
முன்பு ஸ்ரேறிங்கைப் பிடித்தது அது,
நான் மிதிபலகையில் தொங்கினேன்.
இப்போது அது ஏறும், இறங்கும்,
சில நாள் கடைசித் தரிப்பு மட்டும் வரும்.
மூவாயிரம் கொடுத்து வாங்கிய நாரிப்பட்டியால்
கஜரூபன் உதிரி ரயரை
வரிந்து கட்டியிருக்கிறான்.
பள்ளம் திட்டியில் அசையுதில்லை.
வடிவாய்ப் பிடிக்குது.