ஓர் இரவுக்கு இரண்டு புள்ளி ஏழு

அபு ஷகாராவில் பதினாலு கட்டடம்,
முப்பத்தொரு லிப்ட்.
ராத்திரி ஷிப்டுக்கு நான் ஒருத்தன்.

எது எத்தனை மணிக்கு நின்றது,
உள்ளே எத்தனை பேர்,
எத்தனை நிமிடத்தில் திறந்தேன்
என்று கம்பெனிக்காக எழுதிய நோட்டு.
இப்போது அதுதான் என் தரவு.
தபால்வழி பி.எஸ்சி. கணிதம்,
ஏழாம் தாள், நிகழ்தகவும் புள்ளியியலும்.
போன தடவை இருபத்தாறு மார்க்.

கூட்டினேன்.
இருநூறு இரவில் ஐந்நூற்று நாற்பது அழைப்பு.
எதிர்பார்ப்பு: இரவுக்கு இரண்டு புள்ளி ஏழு.
எதிர்பார்த்த அந்த எண்
ஓர் இரவுகூட வரவில்லை.
இரண்டு வரும், மூன்று வரும்,
ஒருமுறை எட்டு வந்தது.
புள்ளி ஏழு மணியடித்ததாய்ப் பதிவில்லை.
பாடநூல் இதற்கெல்லாம் வருத்தப்படுவதில்லை.

பாய்சான் பரவலில் வைத்துப் பார்த்தேன்.
யாருமே கூப்பிடாத இரவுகள்
பதிமூன்று இருக்க வேண்டும் என்றது.
நோட்டில் பதினான்கு.
சந்தோஷப்பட வேண்டியவன், கொஞ்சம் பயந்தேன்.
தேய்ந்த ரிலே, ஆகஸ்டு வெக்கை,
சோபாவைக் குறுக்கே திணித்தவன்,
எல்லாப் பொத்தானையும் அமுக்கிய பிள்ளை,
ஒருவரை ஒருவர் அறியாமல்
யாரோ என்றோ போட்ட அட்டவணைக்குள்
வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

அறையில் இருதயசாமி புத்தகத்தைப் புரட்டி
'சமவாய்ப்பு மாறி'யில் விரலை வைத்தான்.
"இது எந்த ஊர்லடா?"
ஒரே பேனலைத் திறக்கும் மூன்று பேருக்கு
மூன்று பாஸ்போர்ட், மூன்று சம்பளம்.
"இங்க அதுக்கு அர்த்தம் வேற" என்றேன்.
"எங்கயும் வேறதான்" என்று
விளக்கை அணைத்துவிட்டான்.
பாக்கி நான்கு பக்கம்
மாடிப்படி வெளிச்சத்தில்.

அங்கேதான் அது இருந்தது:
அடுக்குக்குறிப் பரவலுக்கு நினைவு கிடையாது.
நாற்பது நிமிடம் நின்றவனுக்கும்
இந்த நொடி வந்து நின்றவனுக்கும்
இனி நிற்க வேண்டியது ஒரே அளவு.
நின்றது கணக்கில் சேராது.
நிறுவுக, ஆறு மதிப்பெண்.
நான்கே வரி. மூன்றாவதில்தான் போனமுறை சறுக்கியது.

இருதயசாமி பதினோரு வருடமாகச் சொல்கிறான்,
"இவ்ளோ நாள் ஓட்டியாச்சு,
இன்னும் கொஞ்சந்தான்."
அவனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

நேற்று இரண்டே காலுக்கு போன்.
ஒன்பதாம் நம்பர் கட்டடம்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே.
வேலைக்காரப் பெண், எத்தியோப்பியா,
அல்மாஸ் என்று பெயர் சொன்னாள்.
கையில் முதலாளி வீட்டுக் குழந்தைக்கு வாங்கிய மருந்து.
தெரிந்த அரபியில் கேட்டாள்:
"ஏற்கெனவே ரொம்ப நேரம் ஆச்சு.
அப்போ இனி சீக்கிரம்தானே?"

நான் சிக்னலில் நின்றிருந்தேன்.
பின்சீட்டில் டூல் பெட்டி,
தலைக்குள் அந்த நான்கு வரி.
"அஞ்சு நிமிஷம்" என்றேன்.
எல்லோரிடமும் சொல்வதுதான்.
ஐந்நூற்று நாற்பது தடவை
அஞ்சு நிமிஷம்.

மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி
கையால் சக்கரம் சுற்றினேன்.
ஏழாம் மாடியில் கதவு பிரிந்தபோது
முதலில் வந்தது மருந்துப் பை,
பிறகு அவள்.
நன்றி சொல்லவில்லை, ஓடினாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு.
மூன்றாம் வரி இப்போது தூக்கத்திலும் வரும்.

நோட்டில் எழுதினேன்:
லிப்ட் ஒன்பது-பி. ஒரு நபர். பதினேழு நிமிடம்.
நான் சொன்ன அஞ்சை எழுத
அதில் கட்டம் இல்லை.