தாளில் இல்லாத கை

நாரினில் அன்று மைனஸ் இருபத்தியொன்று.
கலாசார மாளிகை, இரண்டாம் மாடி.
பதினான்கு பேருக்கு ஒரு ஹீட்டர்.
கோட்டைக் கழற்றாமலே பயிற்சி.

தடுப்பூசி போடும் நான்,
மழலையர் பள்ளிச் சமையல்காரி பூருல்சா,
மினிபஸ் ஓட்டும் எர்மெக்,
நிலைப்படிக்குக் குனிந்து நுழைந்த
இன்ஸ்பெக்டர் தோலோகோன்.

"ஐந்து வயதுக்குள்" என்று பலகையில் எழுதி
சாக்பீஸைக் கீழே வைத்தாள் கான்ஷாயிம்.
ஒருவர் தரையில் உட்காருங்கள்.
ஒருவர் நாற்காலி மேல் ஏறுங்கள்.
இரண்டு வயதுக்கு நாம் இவ்வளவு உயரம்.

சீட்டு குலுக்கியதில்
குழந்தை, இன்ஸ்பெக்டர்.
அம்மா, நான்.
ஒரே சிரிப்பு. யாரோ போனை எடுத்தார்கள்.
நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

பால் கொட்டிவிட்டது, அவ்வளவுதான் கதை.
எனக்குத் தந்த வசனம் ஒரே வரி.
சொல்லி முடிப்பதற்குள்
என் கை மேலே போயிருந்தது.
தாளில் கை இல்லை.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.
சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே
இடது முழங்கை எழுந்து காதை மூடியது.
ஐம்பது வயசு முழங்கை.
வழி மறக்கவில்லை அதற்கு.

போன் கீழே இறங்கியது.
கான்ஷாயிம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
தேநீர் வேளையை மட்டும் முன்னுக்கு இழுத்தாள்.

போர்சோக்கைப் பிய்த்துத் தின்னாமல் வைத்துக்கொண்டு
"சவுக்கின் கைப்பிடி" என்றார், ஜன்னலிடம்.
பிறகு, "அது அந்தக் காலம்."
பிறகு, "சர்க்கரை இருக்கா?"

என் கையைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.
பிஷ்கெக்கில் படிக்கிற என் மகன்
போனில் "சரிம்மா, சரிம்மா" என்று
நான் முடிக்கும் முன்பே சொல்வான்.
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பிற்பகல் முழுக்க வாக்கியம் தேடினோம்,
"அடிக்காதே" என்பதற்கு முன்னால்
சொல்ல ஒன்று.
எர்மெக் எழுதி எழுதி அடித்தான்.
அங்கே மட்டும் அடிக்கலாம் என்றாள் பூருல்சா.

வியாழன், ஊசி நாள்.
வரிசையில் ஒருத்தி, இடுப்பில் ஒன்று,
காலடியில் ஒன்று.
காலடிப் பிள்ளை தடுப்பூசி அட்டையைக் கிழித்தது.
அவள் கை எழுந்தது.
பயிற்சியில் எழுதிய வாக்கியம் எனக்கு வரவில்லை.
"ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றேன்.

கை பாதியில் நின்று
என்ன செய்வதென்று தெரியாமல்
தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டது.
வீட்டுக்குப் போய் என்ன ஆனதோ.

அட்டையை டேப் போட்டு ஒட்டினோம்,
நானும் கிழித்த பிள்ளையும்.
பிறந்த தேதிக்குக் குறுக்கே
கோடு போகிறது.
படிக்க முடிகிறது.