பதினேழு

ஹியெத்தாயோக்கி. பின்லாந்தின் வடகோடி.
ஏப்ரல் ஞாயிறு, ஆற்றுப் பனி பாதிதான் உடைந்திருக்கிறது.
பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
என் மேசை, முத்திரை, மைத்தட்டு.

எங்கள் வாக்குச்சீட்டில் பெயர் கிடையாது, படம் கிடையாது.
மடித்த அட்டை. உள்ளே ஒரு வட்டம்,
காப்பிக் கோப்பை விட்டுப்போன கறை அளவு.
வேட்பாளரின் எண்ணை அதில் எழுத வேண்டும்.
எண்ணுக்குப் பின்னால் நிற்பது யார் என்று
எழுதுகிற கைதான் தெரிந்துகொண்டு வர வேண்டும்.
அட்டை சொல்லாது.

ஹில்யா பார்க்கினன் வந்தாள்.
இடுப்பு அறுவை முடிந்து பதினோராம் நாள்.
ஊன்றுகோலின் பனிமுள்ளை வாசலிலேயே மடக்கினாள்,
தரை கீறிவிடுமாம்.
லாரி ஓட்டும் வில்யோ வந்தான், கையில் டீசல் கணக்கு நோட்டு.
முப்பத்தொரு வேட்பாளருக்கும் போன் போட்டானாம்:
சுகாதார நிலையத்தின் இரவுக் கதவை மறுபடி திறப்பீர்களா?
பதினோரு பேர் எடுக்கவே இல்லை.
நான்கு பேர், "நிலைமையைப் பொறுத்து."
ஒருவர், "எந்தக் கதவு?"
"வில்யோ, இங்கே பிரச்சாரம் கூடாது."
"இது பிரச்சாரம் இல்லை. சந்தேகம்."
தடுப்புக்குள் போனவன் ஒன்பது நிமிடம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு வெகுநேரம் யாருமே இல்லை.
ஆயிரத்து இருநூற்று நான்கு பெயர்கள் பட்டியலில்.
ஐந்து மணிவரை கோடு விழுந்தவை முந்நூற்றுத் தொண்ணூறு.
மிச்சப் பெயர்கள் எங்கே என்று ஜன்னலே காட்டியது:
ஏரிக்கரை நெடுக சவுனாப் புகை.
எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று சொல்லிவிட்டு
இவர்களும் போய் நீராவியில் ஊறுகிறார்கள்.

சிரித்துக்கொண்டேன். சிரிப்பு தொண்டையைத் தாண்டவில்லை.

ஏனென்றால் போன தேர்தலில் நான் வந்தேன்.
தலைமுடியைச் சீவி, நல்ல கோட்டு மாட்டி,
கடமை தவறாத பெண்ணாக முதல் ஆளாய் வந்தேன்.
தடுப்புக்குள் நின்றபோதுதான் உறைத்தது,
ஒருவரைப் பற்றியும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.
குருட்டாம்போக்கில் பதினேழு என்று எழுதினேன்.
சௌலி இளவயதில் போட்ட ஹாக்கிச் சட்டையின் எண்.
அன்று இரவு அவனிடம் சொன்னபோது
இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பதினேழு ஜெயித்தார்.
இரவுக் கதவை மூட அவரும் கை தூக்கினார்.
பதினொன்றுக்குப் பத்து.
அடுத்த ஜனவரியில் சௌலிக்கு வாய் கோணியபோது
ஆம்புலன்ஸ் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
பிழைத்துவிட்டான்.
இடது கைதான் பொத்தான் போட மறுக்கிறது.

என் ஒரு வாக்கால் எதுவும் மாறியிருக்காது.
கணக்கு எனக்கும் தெரியும், ஆறுதல் சொல்ல வேண்டாம்.
ஆனாலும் மேலே போன அந்தக் கையில்
என் பென்சில் கோடு ஒன்று இருந்தது.

இந்த முறை மூன்று வாரம்
நகரசபை நடவடிக்கைக் குறிப்புகளைச் சத்தமாகப் படித்தேன்.
பனி அள்ளும் ஒப்பந்தம் வந்ததும் சௌலி தூங்கிப்போனான்.
எழுப்பினேன். திட்டினான். கேட்டான்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவனே வந்தான்.
அட்டையைத் தொடையில் வைத்து, ஒற்றைக் கையால்,
கோணலாக மடித்து நீட்டினான்.
மற்றவர்களிடம் கேட்பதுபோலவே
அடையாள அட்டை கேட்டேன்.
"முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியாதா என்னை?"
கேட்டேன். காட்டினான். முத்திரை குத்தினேன்.

பெட்டியைத் திறந்தோம்.
ஒன்றில் வாத்துப் படம். ஒன்றில் ஒன்றுமே இல்லை.
ஒன்றில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத்
தாள் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவியது.
அதன்மேல் கடைசியாக, அழுத்தமாக, ஓர் எண்.
யாருடையது என்று நான் ஊகிக்கவில்லை.
மேசைமேல் வைத்து, மடிப்பை நீவி,
அதற்குரிய அடுக்கில் சேர்த்தேன்.