பின்சக்கரத்துக்கு முப்பது

துன் சார்டோன் சாலையில் இறங்கும்போது
நான்காம் வளைவில் எழும் அந்த வாடை
இஸ்திரிப் பெட்டிக்கடியில் மறந்துபோன சட்டையினுடையது.
ஐந்தாம் வளைவில் மிதி பஞ்சாகும்.
ஆறாவதில் நான் நாத்திகத்தைக் கைவிடுவேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினாறு வருடமாய் அளப்பதே என் வேலை.
ஒரு தலைமுடியைப் பத்தாய் வகிர்ந்தால்
அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும்
திருப்பி அனுப்பும் கை இது.
இதே கையால்தான் வாரத்தில் ஐந்து விடியல்
பத்தொன்பது வயது வாஜாவின் ஸ்டியரிங்கை
ஈரமாக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஜெலுத்தோங்கில் பூன் ஹோக்
காடியை ஏற்றிவைத்து, டார்ச் அடித்துக் கேட்டான்:
"ரேஸ் ஓட்டப் போறியா?"
இல்லை. பாலிக் புலாவ் ஆஸ்பத்திரியில்
இரவு வேலை முடிந்த புருஷனை
வீட்டுக்குக் கூட்டி வரணும்.

"முன்னாடிதான் புதுசு போட்டாச்சே. பின்னாடி எதுக்கு?"
ரொட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
ஒரு காடி வரைந்தான். மீன் மாதிரி இருந்தது.
முன்சக்கரத்துக்கு எழுபது, பின்சக்கரத்துக்கு முப்பது.
முப்பதை ரொம்பக் கூட்டினால், மழையில்
வால் தலையை முந்திக்கொள்ளும் என்று
மீனைச் சுழற்றிக் காட்டினான்.
கொஞ்சமாய்க் கூட்டு என்றேன்.
எனக்குக் கொஞ்சம் என்பதும் ஓர் எண்.

சிம்பாங் அம்பாட்டில்,
பாதியாய் அறுத்த ஜப்பான் காடிகள் அடுக்கிய கொட்டகைக்கு
வெர்னியரோடு போன ஒரே பொம்பளை நான்.
ஏழு ரோட்டர்களைத் தள்ளினேன்.
ஒன்றில் விளிம்பு ஏறியிருந்தது, ஒன்று கோணல்,
மற்றதைச் சொல்லி என்ன.
எட்டும் ஒன்பதும் இரட்டைப்பிறவி.
விலையைக் குறைத்தால் போய்விடுவேனா என்று
கடைக்காரன் பார்த்தான்.
குறைத்தான்.

காலிப்பரைத் தள்ளி உட்காரவைக்க ஓர் இரும்புக் கை,
ஓரம் வெட்டிய தகரம், புதுக் குழாய்,
ஹேண்ட்பிரேக் கம்பியில் மூன்று சுற்று.
எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்ற
நான் மிதித்தேன், அவன் திருகைத் திறந்து மூடினான்.
மிதி. பிடி. விடு.
மிதி. பிடி. இன்னும் பிடி. விடு.
எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸும்
இப்படித்தான் கத்தினாள்.

ஸ்பேர் சக்கரம் இனிப் பின்னால் நுழையாது,
பஞ்சரானால் முன்னதைக் கழற்றிப் பின்னால் போட்டு,
அதை இங்கே, இதை அங்கே...
பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில்
தலையாட்டுவதுபோல் ஆட்டிவைத்தேன்.

ஞாயிறு, பத்து மாவுங், ஆளில்லாத சாலை.
பழைய பிரேக்குக்கு முன்பே போட்ட பெயிண்ட் கோடு.
சாக்பீஸோடு குந்தியிருந்தாள் நோர் அஸ்லினா.
அறுபதில் வந்து மிதித்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
அவள் தன் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தாள்.
கச்சிதமாய் அடங்கியது.
"ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளிக்கு ஒரு செருப்பு!
அதுவும் ஒத்தைச் செருப்பு!"
சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது.
எனக்கும் சிரிப்புதான்,
திங்கள் விடியும்வரை.

மழை விட்ட சாலை. மூங்கில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
ஏறியதும் தூங்கிவிட்டார், வாய் திறந்தபடி.
வழக்கமாய் ஒவ்வொரு வளைவிலும்
காடி மூக்கால் குத்தும், அவர் தலை
ஆமாம் ஆமாம் என்று ஆடும்.
இன்று மிதித்ததும்
கனத்த ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல்
முழுசாய் உட்கார்ந்தது காடி.
அவர் தலை எதற்கும் சம்மதிக்கவில்லை.

நான்காம் வளைவு. மூக்கை விரித்துப் பார்த்தேன்.
ஈர மண். அவர் சட்டையில் டெட்டால்.
ஐந்து.
ஆறாவதில் சாமியைக் கூப்பிடத் திறந்த வாய்
வேறு வேலையில்லாமல்
கொட்டாவி விட்டது.

பாயா தெருபோங் சிக்னலில் கண் திறந்தார்.
"பிரேக்குல ஏதாச்சும் செஞ்சியா?"
பின்னாடி கொஞ்சம் பெருசாக்கினேன்.
"எவ்வளவு?"
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.